வறண்ட மலைக்கு இந்தப் பக்கம்

அடுத்த வேன் மூன்று மணிக்குத்தான் என்றார்கள்.
அதற்குள் ஊரைப் பார்த்துவிடலாம்.
அதற்கு மேல் ஊர் இல்லை.

ஒரு மருந்துக்கடை, ஒரு தையல்காரர்,
மேசைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டுத்
தூங்கப் போய்விட்ட காபிக்கடை.
தெரு முடியுமிடத்தில் ஏரி,
கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்ட
உறவுக்காரர்போல.

கரையில் ஒரு கான்கிரீட் பதுங்குகுழி.
பாதி மண்ணில், பாதி நாணலில்.
வராமலே போன ஒரு படைக்காகக் கட்டியது.
உள்ளே எட்டிப் பார்த்தேன்:
மூன்று வாத்துகள்,
யாரோ காயப்போட்டு மறந்த நீச்சலுடை.

"வீட்டைப் பார்க்க வந்தீர்கள், இல்லையா?"
பின்னாலிருந்து ஒரு குரல், இத்தாலிய மொழியில்.
எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் மொத்தம் நாற்பது.
அதில் 'இல்லை' இருக்கிறது.
நான் 'ஆமாம்' என்றேன்.
ஏனென்று இன்றுவரை தெரியாது.

பெர்பாரிம் என்று பெயர். முன்னேற்றம் என்று பொருளாம்.
"நான் பிறந்த வருஷம் அரசாங்கத்துக்குப் பிடித்த பெயர்.
தங்கை லிரி. அதாவது விடுதலை."
கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.
"விடுதலை மிலானில் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறாள்.
முன்னேற்றம் இங்கே கோழி வளர்க்கிறது.
வீட்டில் இருவருக்கும் பாதிப் பாதி."

கூடத்துச் சுவரில் போன வருஷத்து நாட்காட்டி,
ஆகஸ்டிலேயே நின்றுபோனது.
அவராகவே அதைக் கழற்றினார்.
பின்னால் தட்டு அகலத்துக்கு ஈரக்கறை.
"பொய் சொல்ல மாட்டேன்," என்றார்.
கூரை ஒழுகும் இடம் காட்டினார்.
கரையான் காட்டினார்.
ஜனவரியில் ஏரிக்காற்று நுழையும் விரிசலில்
என் விரலைப் பிடித்து வைத்தார்.
வேலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்
போட்ட வழக்கின் நம்பரைக்கூடச் சொன்னார்.
நான் தலையாட்டிக்கொண்டே போனேன்,
நாற்பது சொல்லையும் செலவழித்த பொய்யோடு.

ஏரி முழுசாகத் தெரிவது
கழிப்பறை ஜன்னலில் மட்டும்.
"அக்கரை வேறு நாடு. அந்தக் காலத்தில்
அந்தப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால்
எதற்கு என்று கேட்பார்கள்.
கழிப்பறையில் யார் கேட்பது?
அப்பா நிறைய நேரம் உள்ளேயே இருப்பார்.
வயிறு சரியில்லை என்று நினைத்திருந்தோம்."

கொல்லையில் நின்று மலையைக் காட்டினார்.
வறண்ட மலை என்றே அதற்குப் பெயர்.
மேலே ஓடை கிடையாது.
முதுகுக்குப் பின்னே இன்னோர் ஏரி, இதைவிட உயரத்தில்.
அதன் தண்ணீர் கல்லுக்குள் புகுந்து
ஒருவர் கண்ணிலும் படாமல் நடந்து
இந்தப் பக்கம் ஊற்றாகப் பொங்குகிறதாம்.
"வந்துசேர எவ்வளவு நாளாகும்?"
"தண்ணீரிடம் யார் கேட்டார்கள்?"

பிறகு சிகரெட் அட்டையைக் கிழித்து
விலை எழுதி நீட்டினார்.
கரையானையும் சேர்த்து
அந்தத் தெருவையே வாங்கிவிடலாம் அதற்கு.
"குறைப்பீர்களா?"
"மாட்டேன்."
உடனே சொன்னார். சொன்ன பிறகு
இருவர் தோளும் சற்றுத் தளர்ந்தன.

கைபேசி அடித்தது. லிரி.
தங்கள் மொழியில் நெடுநேரம் பேசினார்கள்.
'இந்தியா' இரண்டு தடவை வந்தது.
கூடவே ஒரு பெருமூச்சு.
அது யாருடையது என்று
ஸ்பீக்கரில் பிரித்தறிய முடியவில்லை.
பேசியபடியே நாட்காட்டியை
ஆணியில் திரும்ப மாட்டினார்,
கோணலாக. ஒருமுறை சரிசெய்தார்.

மூன்று மணி வேன் மூன்றேகாலுக்கு வந்தது.
பைக்குள் அவர் திணித்த வால்நட்டுகள்
ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டன.
ஏரிப் பக்கத்து இருக்கைகளைப் பிடிக்க
எல்லோரும் முண்டினார்கள்.
எனக்குக் கிடைத்தது மலைப் பக்கம்.
புல்கூட இல்லாத வெறும் பாறை.
இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.